வீட்டிலேயே பீட்லாக் வீலில் டயர் ஏத்தறது: ஜிப்சி, 15 இஞ்ச், 24 போல்ட். பண்ணுனவங்க சொல்லுங்க

இட்டேரி ஜிப்சி (பல்லடம்)

எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்கிட்ட இருக்கறது பழைய ஜிப்சி, 31க்கு 10.5 ஆர்15 மட் டயர். போன தை மாசம் காங்கேயம் பக்கம் மாமன் தோட்டத்துப் பாறைக்காட்டுல காத்தை 8 பிஎஸ்ஐக்கு எறக்கிட்டு ஓடைக்கரையில சரிஞ்சாப்புல ஏறுனேன். முன்னால எடது டயர் ரிம்மை விட்டுக் கழண்டு வந்துருச்சு. ஜாக்கி போட்டு மறுபடி ஏத்தி, பொழுதோட அதே எடத்துல ரெண்டாவது தடவையும் கழண்டுச்சு. அதுக்கப்பறம்தான் பீட்லாக் (டயர் ஓரத்தை ரிங்கும் போல்ட்டும் போட்டுக் கடிச்சுப் பிடிக்கற வீல்) வாங்கறதுன்னு முடிவு பண்ணி, 15க்கு 8 ஸ்டீல் வீல் நாலு வாங்கிட்டேன். ஒவ்வொண்ணுலயும் வெளி ரிங் தனியா, எம்8 போல்ட் 24.

எங்கூரு பஞ்சர் கடைக்காரர் வீலைப் பாத்துட்டு, "இது நம்ம மெஷின்ல நிக்காது தம்பி, எதாச்சும் ஆயிருச்சுன்னா உங்களுக்கும் நட்டம் எனக்கும் சங்கடம்"னு திருப்பிக் குடுத்துட்டார். அவரு சொன்னதுல தப்பில்லீங்க. அதனால சாளையிலயே ஏத்தலாம்னு இருக்கேன். எனக்குத் தெரிய வேண்டியது இதுதான்: உள்பக்கத்து பீடை (ரிம்முல உக்கார்ற டயரோட தடிச்ச ஓரம்) லிவர் போடாம எறக்க முடியுமா? போல்ட்டு எந்த வரிசையில, எவ்வளவு டைட்? கிரீஸ் போடலாமா? எங்கிட்ட இருக்கறது சின்ன கம்ப்ரசர், பீடு உக்காருமா?

தென்னந்தோப்பு (பொள்ளாச்சி)

மொதல்ல ஒரு கேள்வி தம்பி. உங்களுக்கு இது வேணுமா? நான் இருபது வருசமா ஜீப் ஓட்டறேன். நம்ம செம்மண்ணு, கரிசக்காட்டுச் சேறு, மழைக்காலத்து இட்டேரி எல்லாத்துக்கும் சாதா ரிம்முல 15 பிஎஸ்ஐ போதும். பீடு அவ்வளவு லேசுல வராது. பீட்லாக் வாங்குனா எடை எச்சு, வேலையும் எச்சு. மாசாமாசம் போல்ட்டைப் பாத்துக்கிட்டே கெடக்கோணும்.

இட்டேரி ஜிப்சி

சேத்துக்குன்னா வாங்கியிருக்க மாட்டேனுங்ணா. நான் போறது பாறை. 15-ல போனா டயர் கல்லு மேல துள்ளுது, பிடி கெடைக்கறதில்லை. 8-க்கு எறக்குனாத்தான் கல்லைச் சுத்திப் பிடிக்குது, ஆனா பக்கவாட்டுல பாரம் சாஞ்சா கழண்டுருது. ரோட்டுல இதைப் போட்டு ஓட்டப் போறதில்லை.

ரிக்காரன் (திருச்செங்கோடு)

எங்கூருல போர் லாரி இல்லாத தெரு கெடையாது. லாரிச் சக்கரத்துல லாக் ரிங் போட்டு டயர் மாட்டறது எங்களுக்கு அன்னாட வேலை. உங்களுது அதே மாதிரி ரிங்தானுங்க. ஏர் கன்னு வச்சு ஒரு சுத்து விட்டா அரை மணி நேரத்துல நாலும் முடிஞ்சுரும். இதுக்கு எதுக்கு இவ்வளவு ரோசனை?

கணபதி லேத்து (கோவை)

ரிக் அண்ணா, பேரு ஒண்ணாட்டம் இருந்தாலும் ரெண்டும் வேற வேறங்க.

லாரியோட லாக் ரிங்குல போல்ட்டே இல்லை. வெட்டுவிட்ட ஸ்பிரிங் ரிங் அது, ரிம் காடியில உக்காரும். டயருக்குள்ள காத்து ஏறஏற அந்தக் காத்தே ரிங்கைக் காடியில அழுத்திப் பிடிச்சுக்குது. பீட்லாக்குல காத்து பிடிக்கறதே இல்லை. டயரோட வெளி பீடை வீலோட சேந்த உள் ரிங்குக்கும் தனியா வர்ற வெளி ரிங்குக்கும் நடுவுல வச்சு, 24 போல்ட்டும் ஒட்டுக்கா கடிச்சுப் பிடிக்குது. அதனாலதான் காத்து சுத்தமா எறங்கிப்போனாலும் வெளி பீடு நகராது.

நம்ம ஊருல பம்ப் செட் வேலை பாத்தவங்களுக்குச் சுலபமாப் புரியும். கம்ப்ரசர் குழாயோ காலம் பைப்போ ஃபிளாஞ்ச் போடறப்ப ஒரு பக்கத்துப் போல்ட்டை முழுசா முறுக்கிட்டு அடுத்ததுக்குப் போனா என்ன ஆகும்? கேஸ்கட் ஒரு பக்கம் நசுங்கி மறுபக்கம் தண்ணி பீச்சும். இங்க கேஸ்கட்டு இருக்கற எடத்துல டயரோட ரப்பர் இருக்குது. அவ்வளவுதான் வித்தியாசம். ஏர் கன்னு வச்சா ஒரு போல்ட்டு எல்லையைத் தாண்டியிருக்கும், பக்கத்துல இருக்கறது பாதியில நிக்கும். வெளியில பாத்தா ரெண்டும் டைட்டாத்தான் தெரியும்.

இன்னொண்ணு. 15 இஞ்ச் வீலுல போல்ட்டு வட்டம் ஏறத்தாழ 413 மி.மீ. வரும். சுத்தளவு 1,300 மி.மீ.க்குப் பக்கம். 24 போல்ட்டுன்னா ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல 54 மி.மீ. எடைவெளி. ஒரே ஒரு போல்ட்டு சோம்பேறியா இருந்தாலும் அந்த 108 மி.மீ. நீளத்துல ரிங்கு அழுத்தமே இல்லாம நிக்கும். பாறையில பீடு நழுவ அது போதும்.

வீல் வந்ததும் ரிங்கைச் சமதளமான கிரானைட் மேலயோ கண்ணாடி மேலயோ வச்சுப் பாருங்க, ஆடக்கூடாது. 6 மி.மீ. ஸ்டீல் ரிங்கு ஒண்ணு ஒண்ணேமுக்கால் கிலோ வரும். அதுல நெளிவு இருந்தா போல்ட்டு வச்சு நிமித்தலாம்னு நினைக்காதீங்க.

அமராவதிக்கரை (தாராபுரம்)

தம்பி, நான் போன வருசம் என்னோட ஜிம்னிக்கு நாலு வீலும் எங்க தோட்டத்துக் களத்துலயே ஏத்துனேன். வீட்டுக்காரர் பிடிச்சுக்கிட்டார், வேலை முழுக்க நான்தான். பண்ணுனது அப்படியே சொல்றேன்.

டயரை வெடியால பத்து மணியில இருந்து ஒரு மணி நேரம் வெயில்ல போட்டுட்டேன். ரப்பர் எளகிரும். வீலைப் பழைய டயர் ஒண்ணு மேல, ரிங்கு வர்ற பக்கம் மேல பாத்தாப்புல படுக்க வச்சேன். தரையில வச்சீங்கன்னா உள்பக்கத்து விளிம்பு அடிபடும், டயரை அழுத்தறப்ப எறங்க எடமும் இருக்காது. வால்வு புதுசாப் போட்டுக்கோங்க, அப்பறம் கழட்டறது பெரிய வேலை.

டயர்ல எந்தப் பக்கம் வெளிய வரோணும்னு ரெண்டு தடவை பாத்துக்கோங்க. டிசைன்ல சுத்தற திசை அம்புக்குறி இருந்தா எடது வலது பாத்து வைக்கோணும்.

சோப்புத் தண்ணியை உள்பக்கத்து பீடு முழுக்கத் தடவோணும். வெளி பீடுல ஒரு சொட்டு படக்கூடாது, அது கடிச்சு நிக்க வேண்டிய எடம். டயரைச் சாய்ச்சு, ஒரு ஓரத்தை வீலோட நடுவுல இருக்கற பள்ளத்துல எறக்கி, எதிர்ப்பக்கம் முழங்கால் போட்டு அழுத்துனா உள் பீடு தானா விழுந்துரும். லிவரே தேவைப்படலை. சாதா ரிம்மை விட இதுதான் சுலபம், ஏன்னா ஒரு பீடை மட்டும் தாண்டுனாப் போதும்.

வெளி பீடு உள் ரிங்கோட படியில வந்து உக்காரும். இங்கதான் பொறுமை வேணும். சுத்திலும் நாலு எடத்துல ஸ்கேல் வச்சு, டயரு நடுவுல இருக்கான்னு பாத்தேன். மொத வீலுல இதைச் செய்யாம விட்டுட்டேன். ஒரு பக்கம் 3 மி.மீ. தள்ளி உக்காந்துருச்சு. ஜாக்கியில தூக்கிச் சுத்திப் பாத்தப்ப டயர் முட்டை மாதிரி ஏறி எறங்குச்சு. 24 போல்ட்டையும் கழட்டி மறுபடி மாட்டுனேன்.

ரிங்கை வச்சதும் போல்ட்டு மரையை எட்டலை, பீடு அவ்வளவு தடிமன். நாலு எடத்துல 50 மி.மீ. நீளப் போல்ட்டு போட்டு எதிரெதிரா மெதுவா எறக்குனேன். ரிங்கு கீழ வந்ததும் மத்த இருபதையும் கையால முடுக்கிட்டு, நீளப் போல்ட்டை எடுத்துட்டுச் சரியானதைப் போட்டேன். ஒரு போல்ட்டுகூட ஸ்பேனர் போட்டு ஆரம்பிக்கலை. கையில சுத்தலைன்னா மரை கோணலா ஏறியிருக்குன்னு அர்த்தம்.

அப்பறம் சாக்பீஸ்ல ஒண்ணுல இருந்து 24 வரைக்கும் நம்பர். 1, 13, 7, 19. அடுத்து 4, 16, 10, 22. இப்படியே குறுக்கால போயிட்டு இருக்கோணும். மொத சுத்து 7 நியூட்டன் மீட்டர், அடுத்தது 14, அடுத்தது 20, கடைசி வீலுக்காரர் சொன்ன அளவு. கடைசி அளவுல வட்டமா வந்தேன். அஞ்சாவது வட்டத்துலதான் எந்தப் போல்ட்டும் நகராம ரெஞ்சு கிளிக்குன்னுச்சு. ஒரு வீலுக்கு ரெண்டே கால் மணி நேரம். டார்க் ரெஞ்சு, அதாவது முறுக்கற அளவு காட்டற ரெஞ்சு, 5-ல இருந்து 50 நியூட்டன் மீட்டர் வரைக்கும் காட்டற சின்னது வாங்குங்க. வீல் நட்டுக்கு வச்சிருக்கற பெரிய ரெஞ்சு இந்த அளவுல சரியாச் சொல்லாது.

இட்டேரி ஜிப்சி

அக்கா, இவ்வளவு வெவரமா யாரும் சொன்னதில்லீங்க. ரொம்ப நன்றி. வீலோட வந்த தாள்ல 20 அடி பவுண்டு, மரை காஞ்சிருக்கோணும்னு போட்டிருக்கு. எங்க அப்பா, "இரும்பும் இரும்பும் சேருற எடத்துல கிரீஸ் இல்லாம எப்படிடா"ங்கறார். லேசாத் தடவலாமுங்களா?

குவாலிட்டி செக் (பீளமேடு)

பம்ப் கம்பெனியில டெஸ்டிங்ல இருக்கேன். இதுக்கு மட்டும் பதில் சொல்றேன், ஏன்னா இதுல நெறையப் பேரு ஏமாந்து போறாங்க.

20 அடி பவுண்டுன்னா 27 நியூட்டன் மீட்டர். காஞ்ச மரையில எம்8 போல்ட்டை அந்த அளவு முறுக்குனா போல்ட்டுல விழற இழுவிசை ஏறத்தாழ 1.7 டன். 24 போல்ட்டுக்கு 41 டன் பிடி. அதுதான் அவங்க கணக்குப் போட்டுக் குடுத்தது.

நாம முறுக்கற பலத்துல பெரும்பகுதி உரசல்லயே போயிருது. கிரீஸ் தடவுனா உரசல் கொறையும், அதே 27-க்கு இழுவிசை 2.6 டன்னுக்குப் போகும். 8.8 கிரேடு எம்8 போல்ட்டு நீண்டுபோகாமத் தாங்கற எல்லை 2.1 டன். ரெஞ்சு சரியா 27-ல கிளிக் பண்ணும், நீங்களும் சரியாப் பண்ணுனதா நினைப்பீங்க, ஆனா போல்ட்டு உள்ள நீண்டு போயிருக்கும். ரெண்டு மாசம் கழிச்சுப் பாறையில தலை தெறிக்கும்.

அலுமினிய வீலா இருந்தா கதை வேற. ஸ்டீல் போல்ட்டும் அலுமினியமும் ஒட்டிப் பிடிச்சுக்கும், அதுக்குன்னு ஒரு பேஸ்ட்டு போடச் சொல்லி டார்க்கையும் கொறைச்சுத் தாள்லயே குடுத்திருப்பாங்க. உங்களுது ஸ்டீல். பெட்ரோல்ல தொடச்சு, காய வச்சு, அப்படியே போடுங்க. அப்பாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க.

ரிக்காரன்

லேத்து தம்பியும் அந்த அம்மிணியும் சொன்னதைப் படிச்சேன். நான் ஏர் கன்னுன்னு சொன்னது தப்பு. ஒத்துக்கறேன்.

ஆனா ஒண்ணு யாரும் இன்னும் சொல்லலை. நான் கிளீனரா இருந்தப்ப, ஒரு ஓட்டுநர் லாரி டயர்ல காத்து இருக்கறப்பவே லாக் ரிங் சரியா உக்காரலைன்னு சுத்தியல்ல தட்டுனார். ரிங்கு தெறிச்சு அவரு தாடையை ஒடச்சுட்டு, பக்கத்துல இருந்த புளியமரத்துல போயி அடிச்சுச்சு. மரத்துப்பட்டை உரிஞ்சு நின்னது இன்னிக்கும் கண்ணுல இருக்கு. அன்னியில இருந்து எங்க பட்டறையில சக்கரத்தைக் குப்புறப் போடாமலோ, சங்கிலி கட்டாமலோ யாரையும் காத்துப் பிடிக்க விட்டதில்லை.

உங்க வீலுக்கும் இது பொருந்தும். எல்லாப் போல்ட்டும் கடைசி அளவுக்கு வந்த பின்னாலதான் காத்து. கழட்டறப்ப வால்வு பின்னை உருவி, காத்து முச்சூடும் போயி, டயரை மிதிச்சா அமுங்குதான்னு பாத்துட்டுத்தான் மொதப் போல்ட்டுல கை வைக்கோணும். பாதிப் போல்ட்டைக் கழட்டிட்டு மறந்துபோயி டீ குடிக்கப் போறதெல்லாம் ஆகாது. காத்துப் பிடிக்கறப்ப வீலுக்கு நேரா குனிஞ்சு நிக்காதீங்க, நீளமான ஓஸ், கிளிப்பு வச்ச வாய், நீங்க அந்தாண்ட தள்ளி நில்லுங்க.

கணபதி லேத்து

ரிக் அண்ணா சொன்னதை எல்லாரும் மனசுல வையுங்க. கூடவே, பீடு உக்கார வைக்கறப்ப 40 பிஎஸ்ஐக்கு மேல போகாதீங்கன்னு நெறைய டயரோட பக்கவாட்டுலயே எழுதியிருக்கும். 40-க்கும் பீடு உக்காரலைன்னா காத்தை எறக்கிட்டு, மறுபடி சோப்புத் தண்ணி போட்டு ஆரம்பிக்கறதுதான் வழி.

மலைக்காத்து (அந்தியூர்)

சின்ன கம்ப்ரசருல பீடு ஏறலைன்னா தீப்பிடிக்கற ஸ்பிரே அடிச்சுக் கொளுத்துனா டப்புன்னு ஏறிருமே? வீடியோவுல பாத்திருக்கேன்.

ரிக்காரன்

வேண்டாங் கண்ணு. டயருக்குள்ள எவ்வளவு வாயு போச்சுன்னு யாருக்குத் தெரியும்? உள்ள தீ மிச்சம் இருந்து, மேல காத்தும் பிடிச்சா என்ன ஆகும்னு நினைச்சுப் பாருங்க. கையி ரெண்டுதான் இருக்கு.

அமராவதிக்கரை

அதுக்குத் தேவையே இல்லைங்க. பீட்லாக்குல வெளிப்பக்கம் ஏற்கெனவே அடைச்சாச்சு, உள்பக்கம் ஒண்ணுதான் உக்காரோணும். வால்வு பின்னை எடுத்துட்டுக் காத்து விடுங்க, ஓட்டம் எச்சா வரும். அப்பவும் கசிஞ்சா டயரைச் சுத்தி நடுவுல லாரி பெல்ட்டுக் கட்டி முறுக்குங்க, பீடு ரெண்டு பக்கமும் விரியும். எனக்குப் பெல்ட்டே தேவைப்படலை, 28-ல டொப்புன்னு சத்தம் வந்து உக்காந்துருச்சு.

சின்ன யானை (பெருந்துறை)

எனக்கும் ஒரு கேள்வி. லேசர் கட்டிங்ல ரிங்கு வெட்டி எங்கிட்ட இருக்கற சாதா ரிம்முலயே வெல்டிங் வச்சுக்கலாமா? காசு பாதிதான் ஆகும். அலாய்க்கும் முடியுமா?

கணபதி லேத்து

அலாய்க்கு வேண்டவே வேண்டாம். அது வார்ப்பு. வெல்டிங் சூடு பட்ட எடத்துல பலம் போயிரும், வெடிப்பு எங்க ஓடியிருக்குன்னு கண்ணுக்கும் தெரியாது.

ஸ்டீல் ரிம்முல வைக்கலாம், வெளிநாட்டுல அப்படி வைக்கறதுக்குன்னே ரிங்கு விக்கறாங்க. ஆனா ரிம்மை லேத்துல பூட்டி, டயல் கேஜ் வச்சு கோணாம சுத்துதான்னு பாத்துட்டு, எதிரெதிராப் புள்ளி வச்சு, ஒரு இஞ்ச் இங்க ஒரு இஞ்ச் அங்கன்னு ஆறவிட்டு ஆறவிட்டு மிக் வெல்டிங் பண்ணோணும். ஒரே மூச்சுல சுத்தி வந்தா ரிம்மு தட்டு மாதிரி வளைஞ்சுரும். கோயமுத்தூர்ல இதைப் பண்ற கையி நெறைய இருக்கு, ஆனா தெரிஞ்ச கையாப் பாத்துக் குடுங்க.

அதைவிட முக்கியம், டயரு மாட்டியிருக்கற ரிம்முல ஒரு புள்ளிகூட வெல்டிங் வைக்காதீங்க. காத்து இல்லைன்னாலும்தான். சூட்டுல ரப்பர் உள்ளுக்குள்ள கரிஞ்சு எரிவாயு உண்டாகி வெடிக்கும். லாரிப் பட்டறைகள்ல உசுரு போயிருக்கு.

தென்னந்தோப்பு

இன்னொரு விசயம். கடையில விக்கற பல அலாய் வீலுல சுத்தி போல்ட்டுத் தலை தெரியும், அது வெறும் அலங்காரம். தார் ஜீப்புக்கு அப்படிப் போட்டுட்டு பீட்லாக்குன்னு நம்பி 6 பிஎஸ்ஐக்கு எறக்குன பையனை எனக்குத் தெரியும். ரிங்கு தனியாக் கழண்டு வந்து, பீடு அதுக்குள்ள கடிபடுதான்னு பாத்து வாங்குங்க.

ரோட்டைப் பத்தியும் சொல்லிடறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு இருக்கு. வண்டியைத் தயாரிப்பாளர் குடுத்த அமைப்புல இருந்து மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கு. இன்சூரன்சுக்காரர் கேக்கற கேள்விக்கும் பதில் இருக்காது. தம்பி ரோட்டுல ஓட்டலைன்னு சொன்னது நல்லது. அதே மாதிரி காட்டுக்குள்ளயும் ஆத்துமணல்லயும் போகாதீங்க. சத்தியமங்கலம் புலிகள் காப்பகம், ஆனைகட்டி அடிவாரம் எதுவும் நம்ம வெளையாடற எடம் கெடையாது. பட்டா நெலம், சொந்தக்காரங்க சம்மதம், அது போதும்.

இட்டேரி ஜிப்சி

ஞாயித்துக்கிழமை நாலும் ஏத்தியாச்சுங்க!

காட்டூர்ப் பக்கம் போயி 5-50 ரெஞ்சு வாங்கியாந்தேன். போல்ட்டு 96-ஐயும் பெட்ரோல்ல கழுவி கொட்டாயில பேப்பர் மேல பரத்தி வச்சேன். அப்பாவே உக்காந்து ஒவ்வொண்ணாத் தொடச்சுக் குடுத்தார். குவாலிட்டி அண்ணன் கணக்கைப் படிச்சுக் காட்டுனேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அந்தக் காலத்துல வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா ஏத்தறப்பவும் ஆசாரி இப்படித்தான் அளவு பாப்பாரு, விரக்கடை எச்சா இருந்தாலும் கொறைஞ்சாலும் பட்டா நிக்காதும்பாரு"ன்னார். அதுக்கப்பறம் கிரீஸ் பேச்சே எடுக்கலை.

மொத வீலுக்கு மூணு மணி நேரம். நாலாவதுக்கு ஒண்ணேமுக்கால். அக்கா சொன்னபடி உள் பீடு முழங்கால்லயே எறங்கிருச்சு. மூணாவது வீலுல 17-ஆம் நம்பர் போல்ட்டு கையில ரெண்டு சுத்துக்கு மேல போகலை. ஸ்பேனர் போடலாம்னு கை போச்சு, போடலை. எடுத்துப் பாத்தா மரையில பெயிண்ட் அடைச்சிருந்துச்சு. மரை வெட்டற டேப்பு விட்டுச் சுத்தம் பண்ணுனதும் நூலாட்டம் போச்சு.

ஒரு சந்தேகம். கடைசி அளவுக்கு முறுக்குன பின்னால ரிங்குக்கும் வீலுக்கும் நடுவுல சன்னமா எடைவெளி தெரியுது. மூணு வீலுல சுத்திலும் ஒரே மாதிரி அரை மி.மீ. ஒண்ணுல மட்டும் ஒரு பக்கம் 0.4, எதிர்ப்பக்கம் 1.1. ஃபீலர் கேஜ்ல பாத்தேன்.

கணபதி லேத்து

சன்னமா, சுத்திலும் ஒரே அளவா இருந்தா பயப்பட வேண்டாம், பீடு நல்லாக் கடிபட்டிருக்குன்னு அர்த்தம். உங்க தாள்ல எடைவெளிக்கு எல்லை போட்டிருந்தா அதுக்குள்ள இருக்கான்னு மட்டும் பாருங்க. எச்சா இருந்தா ரிங்கு குடை மாதிரி வளையும், போல்ட்டும் கூடவே வளையும். அதுக்கு வீலுக்கும் ரிங்குக்கும் நடுவுல வைக்கற சிம்முன்னு சன்னமான தகடு வரும். டயருக்கு டயர் பீடு தடிமன் மாறும், அதனால டயர் மாத்தறப்ப ஒவ்வொரு தடவையும் பாக்கோணும்.

அந்த ஒத்த வீலுல பீடு ஒரு பக்கம் படி மேல ஏறி உக்காந்திருக்கு. காத்தை முழுசா எறக்கிட்டு, எல்லாத்தையும் தளத்தி, மறுபடி 7-ல இருந்து வாங்க. 1.1 இருக்கற பக்கத்தை மட்டும் இன்னும் இறுக்கிச் சரிக்கட்டாதீங்க.

இட்டேரி ஜிப்சி

பண்ணிட்டேனுங்ணா. இப்ப சுத்திலும் 0.6. அடியில ஒரு புல்லுக் காம்பு மாட்டியிருந்துச்சு, களத்துல வச்சு வேலை செஞ்சதால. தார்ப்பாய் விரிச்சுட்டு மறுபடி மாட்டுனேன். சோப்புத் தண்ணி ஊத்திப் பாத்ததுல எங்கயும் முட்டை வரலை. உள் பீடு ரெண்டு வீலுல 25-லயும், ரெண்டுல 30-லயும் உக்காந்துச்சு.

குவாலிட்டி செக்

நல்லது. இப்ப ரப்பர் அழுத்தத்துல மெல்ல அமுங்கும், போல்ட்டோட இழுவிசை தானா எறங்கும். ஒரு ராத்திரி விட்டுட்டு ஒரு தடவை, அப்பறம் 50 கி.மீ. ஓட்டத்துல ஒரு தடவை மறுபடி 27-க்கு வையுங்க. எத்தனை போல்ட்டு நகருதுன்னு எழுதி வையுங்க. எண்ணிக்கை கொறைஞ்சுக்கிட்டே வரோணும். ஒரே போல்ட்டு திரும்பத் திரும்பத் தளந்தா அதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு போடுங்க.

அமராவதிக்கரை

உள்பக்கத்து பீடுக்குப் பூட்டு இல்லைங்கறது ஞாபகம் இருக்கட்டும் தம்பி. ஜிப்சி லேசு வண்டி, 6 வரைக்கும் எறக்கலாம். ஆனா எறக்குன பின்னால சரிவுல ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சு ஆக்சிலேட்டர் குடுத்தா உள்பக்கம் கழண்டு காத்து போயிரும். எனக்குப் போச்சு.

இட்டேரி ஜிப்சி

பத்து நாள் கழிச்சு எழுதறேனுங்க. அடுத்த நாள் பாத்ததுல 96-ல 31 போல்ட்டு நகந்துச்சு. நேத்து நாலு வீலையும் சின்ன யானை வண்டியில ஏத்தி மாமன் தோட்டத்துக்குக் கொண்டுபோயி அங்கயே மாட்டி, அதே ஓடைக்கரை, 7 பிஎஸ்ஐ. மூணு தடவை ஏறுனேன். எடது டயர் பாறையில மடிஞ்சு நசுங்கி நின்னுச்சு, ஆனா ரிங்குல இருந்து நூல் அளவுகூட நகரலை. சாக்பீஸ்ல டயருக்கும் ரிங்குக்கும் குறுக்கால ஒரு கோடு போட்டு வச்சிருந்தேன், சாயங்காலம் பாத்தப்பவும் கோடு நேராவே இருந்துச்சு.

ரவைக்கு மறுபடி ரெஞ்சு வச்சேன். 5 போல்ட்டுதான் நகந்துச்சு. மூணாவது வீலு 17-ஆம் நம்பர் அதுல ஒண்ணு.

குவாலிட்டி செக்

17-ஐ மாத்திருங்க. 8.8 தலையில அடிச்சிருக்கான்னு பாத்து வாங்குங்க.

இட்டேரி ஜிப்சி

வாங்கியாச்சுங்ணா, நாளைக்கு வெடியால காத்தை எறக்கிட்டுப் போடறேன்.